கோபுர வாசலில் பாய் விரித்த கப்பல்

ஏலே தம்பி,

உன் பெட்டியில கஞ்சி போட்டுத் தேய்ச்சு அடுக்கியிருக்க சட்டையில மூணாவது சட்டைக்குள்ள இந்தக் கடுதாசியை வச்சிருக்கேன். திங்கக்கிழமை நீ கொச்சியில வேலைக்குச் சேருதே. நாளுக்கொரு சட்டைன்னு போட்டாலும் புதன்கிழமைதான் இது கையில அகப்படும். அதுக்குள்ள அங்கன நல்ல சாப்பாட்டுக் கடை எதுன்னு தெரிஞ்சிருக்கும், கூட வேலை பாக்குறவன் பேரு ரெண்டாச்சும் பழகியிருக்கும். முதல் நாளே படிச்சா அடுத்த ரயில் ஏறித் திரும்பி வந்தாலும் வந்துருவே. உன் கொணம் எனக்குத் தெரியும். எனக்கு எழுத வந்ததெல்லாம் மகஜரும் புகார் மனுவும்தான், அதனால எங்கயாவது 'மேற்படி நபர்'னு வந்துட்டா சிரிச்சுக்கோ. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு நாளா நேர்ல சொல்லிரலாம்னு உன் பின்னாலயே வாரேன். பக்கத்துல வந்ததும் 'சோப்பு எடுத்து வச்சியா, சார்ஜர் எடுத்து வச்சியா'ன்னு கேட்டுட்டுப் போயிருதேன். நீயும் என்னடா இந்த ஆளுன்னு பாக்குதே.

முதல்ல இருந்து சொன்னாத்தான் எனக்கு ஓடும். பதினாலு மாசத்துக்கு முன்னால ஒரு மத்தியானம், சென்னையில இருந்து தோள்ல ஒரு பையோட வந்து வாசல்ல நின்னே. வேலையை விட்டுட்டேன்னு சொன்னே. ஏன்னு கேட்டேன். பொறவு சொல்லுதேன்ப்பான்னுட்டு மச்சு ரூமுக்கு ஏறினவன்தான். அந்தப் பொறவு வரவே இல்ல. நான் கேக்காத விதம் கிடையாது. அதட்டிக் கேட்டேன், தணிஞ்சு கேட்டேன், நீ சாப்பிடும்போது கேட்டேன், சாப்பிட விடாமலும் கேட்டேன். முப்பத்திரண்டு வருஷம் போலீஸ்ல இருந்தவன், அதுல பாதி கேரளா எல்லையில புளியறை செக்போஸ்ட். லாரி டிரைவர் மூஞ்சியைப் பாத்தே தார்ப்பாய்க்கு அடியில என்ன இருக்குன்னு சொல்லுவேன்னு பேரு வாங்கினவன். என் வீட்டு மச்சுல இருக்குற என் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல. வடகரை ஊருக்குள்ள கேட்டவுகளுக்கெல்லாம், வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்குதான்னு வாய் கூசாமச் சொன்னேன். உனக்குக் கோட்டி புடிச்சிருச்சான்னு உன் சித்தப்பன் கேட்டதுக்கு அவனோட மூணு மாசம் பேச்சுவார்த்தை இல்ல.

உள்ளுக்குள்ள இருந்த பயம் வேற. காலையில காப்பி கொண்டு வாரேன்னு உங்கம்மா மேல வந்து கதவைத் தட்டுவாள்லா, நீ உள்ள இருந்து 'ம்'னு சொல்லுற வரைக்கும் அவ மூச்சு விட மாட்டா. நான் கீழ படிக்கட்டுல பேப்பரை விரிச்சு வச்சுட்டு நிப்பேன். ஒரு எழுத்தும் ஓடாது. 'ம்' கேட்ட பொறவுதான் பக்கத்தைத் திருப்புவேன். என்ன பயம்னு நானும் அவளும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டது இல்ல. இப்ப உன்கிட்டச் சொல்லுதேன். உன்னைப் பறிகுடுத்துருவோமோன்னு பயந்தோம்.

பொறவு ஒரு நாள், செங்கோட்டை மர மில்லுல கழிச்சுப் போட்ட தேக்குத் துண்டை ஒரு சாக்கு நிறைய பைக்குல கட்டிக் கொண்டாந்தே. அன்னைல இருந்து மச்சுல உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். உனக்கு அது என்னவோ, எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டாப் போதும், வீட்டுல ஆள் இருக்குன்னு ஒரு தைரியம். என்னத்த இழைக்கான்னு உங்கம்மாகிட்டக் கேட்டேன். 'கப்பலாம். இருநூறு வருஷத்துக்கு முன்னால மலையாளக் கரையில மிளகு ஏத்திட்டுப் போன பாய்மரக் கப்பலாம். பழைய படம் ஒண்ணை வச்சுக்கிட்டு அது மாதிரி செய்யுதான்'னா. கடலைக் கண்ணால பாக்கணும்னா தூத்துக்குடிக்கோ கொல்லத்துக்கோ போகணும், மலை அடிவாரத்துல வயக்காட்டு ஊர்க்காரன் மகன் கப்பல் கட்டுதானாக்கும்னு வீடு அதிரக் கத்தினேன். உனக்குக் கேக்கணும்னுதான் கத்தினேன். மேல சத்தம் செத்த நேரம் நின்னுது. அந்தச் செத்த நேரத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொறவு மறுபடி தேய்க்க ஆரம்பிச்சே.

நான் அதை முதல்ல பாத்தது ஒரு தற்செயல்தான். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி, காப்பியை நீங்களே கொண்டு போங்கன்னா. நீ குளிக்கப் போயிருந்தே. சன்னல் பக்கம் மேசையில நின்னுது. ரெண்டரை முழ நீளம். மூணு மரம் நட்டிருந்தே, பாய் இன்னும் கட்டல. ஏதோ விளையாட்டுச் சாமான் கணக்கா இருக்கும்னு நினைச்சு வந்தவன், மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். மரத்துக்கு மரம் நூல்கயிறு இழுத்து, ஒவ்வொரு கயிறுக்கும் கடுகு பெருசுல ஒரு கப்பி. அந்தக் கப்பிக்குள்ள நூல் போகுது, அதுக்கு ஓட்டை இருக்கு. மரத்து மேல ஏறுறதுக்கு நூலேணி, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு பக்கமும் முடிச்சு. நான் எண்ண ஆரம்பிச்சு நூத்தி எழுபதுல விட்டுட்டேன். மேல்தட்டுல ஒரு கோழிக்கூடு, அதுக்குள்ள அரிசி பெருசுல நாலு கோழி. கப்பல்ல கோழி எதுக்குன்னு யோசிச்சேன். மாசக்கணக்குல கடல்ல போறவன் முட்டைக்கும் கறிக்கும் என்ன செய்வான்னு அப்பத்தான் உறைச்சுது. காப்பி ஆறிப்போச்சு. டம்ளரோட கீழ இறங்கி வந்தேன். 'என்ன, பாத்தியளா'ன்னா உங்கம்மா. பாத்தேன்னு மட்டும் சொன்னேன். இந்தக் கை என் புள்ளைக்கு எங்க இருந்து வந்துதுன்னு அன்னைக்குப் பூரா அதே யோசனை.

அப்படிப் பாத்து மலைச்சவன்தான் அதுக்குப் பொறவு அந்த வேலையைச் செஞ்சேன். அதைச் சொல்லுறதுக்கு முன்னால இன்னொண்ணு. உனக்கு ஒம்பது வயசு, உங்கம்மா கம்மல்ல இருந்து ஒரு திருகாணி காணாமப் போச்சு. உன்னை வீட்டு முன்கட்டுத் தார்சா சுவத்துல சாத்தி நிறுத்தி வச்சு, நான் நாற்காலியில உக்காந்து கேட்டேன். ஒரே கேள்வியைத்தான் கேட்டேன், திருப்பித் திருப்பிக் கேட்டேன், குரலை உசத்தக்கூட இல்ல. கடைசியில நீ, 'நான்தான் எடுத்தேன், ஓடையில போட்டுட்டேன்'னே. ரெண்டு நாள் ஓடை மணலை அரிச்சோம், நீயும் முழங்கால் தண்ணியில நின்னு தேடுனே. ஒரு வாரம் கழிச்சு அது தலையணை உறை தையலுக்குள்ள இருந்து விழுந்துது. உனக்கு ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு நீ கேக்கல, நானும் சொல்லல. அன்னைக்கு நீ தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, அப்பா கேட்டா உண்மையைச் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல, அப்பாவுக்கு வேண்டியதைச் சொன்னா விட்டுருவாருங்கறதுதான். எனக்கு இது புரிய இத்தனை வருஷமாச்சு. நாளைக்கு உனக்கு ஒரு புள்ள பொறந்தா அதை நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்காதே. கேட்டாலும் ஒரு தடவைக்கு மேல கேக்காதே.

இப்ப அந்த வேலைக்கு வாரேன். போன ஆனி மாசம், சாரல் புடிச்சு அருவியில தண்ணி விழ ஆரம்பிச்சதும், கூட்டம் வாரதுக்கு முன்னால வெள்ளனத்துல நீ குத்தாலத்துக்குக் குளிக்கப் போவே. ஒரு நாள் நீ பைக்கை எடுத்த சத்தம் கேட்டதும் நான் மச்சுக்கு ஏறினேன். உன் பையைச் சோதிச்சேன், மெத்தையைத் தூக்கிப் பாத்தேன், புஸ்தகத்தை உதறினேன். கஞ்சா, மாத்திரை, எவளாவது எழுதின கடுதாசி, ஏதாவது ஒண்ணு கிடைச்சுட்டா உன் பேச்சு இல்லாமலே காரணம் தெரிஞ்சுரும்லா. ஒண்ணும் இல்ல. அப்பக் கப்பலைப் பாத்தேன். மேல்தட்டு நடுவுல, சரக்கு இறக்குற வாய்க்கு ஒரு சின்ன மூடி போட்டிருந்தே. எத்தனை ஆயிரம் லாரியைச் சோதிச்ச கை, சும்மா இருக்குமா. மூடியை நெம்பினேன், அது உடைஞ்சு வந்துது. டார்ச் அடிச்சேன், உள்ள சாக்குமூட்டை, விரல் நுனி பெருசுல, வரிசை வரிசையா. உங்கம்மா கோணி தைக்கிற ஊசியை எடுத்துட்டு வந்து, செக்போஸ்ட்டுல மூட்டையைக் குத்திப் பாப்போமே, அது மாதிரி ஒவ்வொண்ணாக் குத்திப் பாத்தேன். கறுப்பா ஏதோ கொட்டுச்சு. தாள்ல ஏந்தி மோந்து பாத்தேன், நாக்குல வச்சுப் பாத்தேன். வாசல்ல நிக்குற துளசிச் செடியோட விதை. மிளகுக்குப் பதில் அந்த அளவுக்கு வேற எது கிடைக்கும். ஒருத்தன் கண்ணுலயும் படாத இடத்துல, தட்டைப் போட்டு மூடினா உனக்கே தெரியாத இடத்துல, நாப்பதுக்கு மேல மூட்டை தைச்சு, ஒவ்வொண்ணுலயும் சரக்கை நிரப்பி அடுக்கி வச்சிருந்தே. இவனையா நான் சந்தேகப்பட்டேன்.

திரும்பிப் பாத்தா நீ ஈரத்துண்டோட வாசப்படியில நிக்குதே. அருவியில கூட்டம்னு பாதியில வந்திருக்கே. என் ஒரு கையில ஊசி, ஒரு கையில டார்ச், நாக்குல விதை. நீ கோவப்பட்டிருந்தா நானும் கத்தித் தப்பிச்சிருப்பேன். நீ பைய வந்து அந்த உடைஞ்ச மூடியை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்துட்டு, 'ஏதாவது கிடைச்சுதாப்பா'ன்னு கேட்டே. கேலியாக் கேக்கல. உனக்கும் அது தெரிய வேண்டியது மாதிரிக் கேட்டே. நான் இல்லன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். விஷயம் தெரிஞ்சு உங்கம்மா அடுக்களையில இருந்து வெளிய வந்து, 'ஊரான் மூட்டையைக் குத்துனது பத்தாதுன்னு பெத்த புள்ளையையும் குத்திட்டியளா'ன்னா. அவ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. பத்தொம்பது நாள் நீ என் முகத்தைப் பாக்கல. நான் அன்னைல இருந்து கேக்குறதை நிறுத்திட்டேன். வெக்கம்தான் காரணம், ஞானம் கீனம்னு நினைச்சுராதே.

இருபதாம் நாள், நான் கொல்லையில என் வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கிட்டு இருந்தேன். சர்வீஸ் பூரா என் காக்கிக்கு நான்தான் கஞ்சி போடுவேன், வண்ணான்கிட்டயும் குடுத்ததில்ல, உங்கம்மாகிட்டயும் குடுத்ததில்ல. நட்டுக்க நிறுத்தினா காக்கிச்சட்டை தானா நிக்கணும். நீ இறங்கி வந்து பக்கத்துல நின்னே. கையில என் பழைய வேட்டியை வெட்டித் தைச்ச குட்டிக் குட்டிப் பாய். 'அப்பா, இது தொங்கிக்கிட்டே இருக்கு. பசை தடவிப் பாத்தேன், பிளாஸ்டிக் மாதிரி ஆயிருது. கஞ்சி எவ்வளவு தண்ணியா இருக்கணும்'னு கேட்டே. எனக்கு இருந்த சந்தோசத்துல கஞ்சிச் சட்டியைத் தட்டி விட்டுட்டேன், ஞாபகம் இருக்கா. வடிச்ச கஞ்சியை ஆறவச்சு, மெல்லிசுத் துணியில ரெண்டு தடவை வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பாலுக்குக் கொஞ்சம் தடிப்பா இருக்கும்போது முக்கணும்னு சொன்னேன். நீ குறிச்சுக்கிட்டே. என் வாழ்க்கையில என் பேச்சைக் கேட்டுக் குறிப்பு எடுத்த முதல் ஆளு நீதான். முக்கிக் கொடியில காயப்போட்டோம். விறைப்பா ஆச்சு, ஆனா தட்டையா, அப்பளம் மாதிரி. நீ தலையில கை வச்சு உக்காந்துட்டே. காத்து புடிச்சு உப்பின மாதிரி நிக்கணும்ப்பான்னே. காத்துல உப்பின மாதிரி இருக்கணும்னா காத்துலதானே காயணும்னு என் வாயில வந்துது. அவ்வளவு காத்து எங்க இருக்குன்னு நீ கேட்டே. நான் உன்னைப் பாத்தேன், நீ என்னைப் பாத்தே. தென்காசிக் கோயில் வாசல்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னோம்.

அந்தக் காலையில நடந்தது எனக்குச் சாகுற வரைக்கும் மறக்காது. சாரல் விட்டிருந்துது, வெறுங்காத்து. பாயைக் கட்டின கப்பலை உங்கம்மா சேலையால மூடி, ஆட்டோவுல என் மடியில வச்சுக் கொண்டு போனோம். கஞ்சி ஒரு தூக்குச்சட்டியில. கோபுரத்துக்கு முன்னால நின்னு, பிரஷ்ஷால பாய் முழுக்கக் கஞ்சியை நீ தடவி முடிச்சே. பூ விக்கிற அம்மா, 'அண்ணாச்சி, சாமிக்குக் கப்பல் நேர்ச்சையா'ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன், விளக்கம் சொல்ல நேரமில்ல. வாசலுக்கு நேரா, கப்பல் மூக்கு தெருவைப் பாக்க, கப்பலை நிறுத்தியிருந்த பலகையோட முன்பக்கத்தை நீ புடிச்சே, பின்பக்கத்தை நான் புடிச்சேன். அந்த வாசல்ல காத்து எப்படி வரும்னு உனக்குத் தெரியும், நுழையுறவனைத் தள்ளிட்டு வரும், வேட்டியைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். அது என் முதுகுல அடிச்சுது, தலைக்கு மேல போச்சு, பாயில விழுந்துது. ஒரு பாய் படபடன்னு அடிச்சுது, அடுத்தது, அடுத்தது, பொறவு பதினோரு பாயும் ஒரே நேரத்துல டப்புன்னு நிறைஞ்சுது. தம்பி, கையில இருந்த பலகை இழுத்துச்சு. நான் பொய் சொல்லல, உனக்கும் தெரிஞ்சிருக்கும். மூணு கிலோகூட இல்லாத சாமான் முன்னால போகணும்னு என் கையை இழுத்துச்சு. நூலெல்லாம் விறைச்சு ம்ம்ம்னு ஒரு சத்தம்.

இது எங்க இருந்து வார காத்துன்னு நீ ஆட்டோவுல சொல்லிட்டு வந்தே. அரபிக்கடல் மேல வாரது, ஆனி ஆடியில மூர்க்கமா இருக்கும், ஒருத்தனும் கடல்ல இறங்க மாட்டான், ஆவணி வாக்குல கொஞ்சம் அடங்கினதும் அதையே முதுகுல வாங்கிக்கிட்டு அரபு நாட்டுல இருந்து கப்பல் வரும், அதே காத்துதான் மலையில செங்கோட்டைக் கணவாய் வழியா நுழைஞ்சு இங்கன வருதுன்னே. பதினாறு வருஷம் அந்தக் கணவாய் வாயில, செக்போஸ்ட்டுல நின்னவன் நான். தொப்பியைப் பறிச்சுட்டுப் போற சவத்துக் காத்துன்னு வைஞ்சிருக்கேன். எஞ்சின் இல்லாம, டீசல் இல்லாம, ஒரு ஊரு மிளகைத் தேடி இன்னொரு தேசத்துக் கப்பலைக் கொண்டு வந்தது அதுதான்னு என் கையில உணர்ந்தப்ப, எத்தனை பேரு இதை நம்பி, கரை தெரியாத தண்ணியில இறங்கியிருப்பாங்கன்னு நினைச்சேன். என்ன நெஞ்சழுத்தம் வேணும் அதுக்கு. சாமி கும்பிட வந்த கூட்டம் உள்ள போகாம சுத்தி நின்னுது.

அப்பத்தான் நீ பேசுனே. கஞ்சி காயுற வரைக்கும் அரைமணி நேரம் அசையக் கூடாது. உனக்கும் எனக்கும் நடுவுல பாய் நிறைஞ்சு நிக்குது, உன் நெத்தியும் கண்ணும் மட்டும் மேல தெரியுது, நடுப்பாய்க்கும் முன்பாய்க்கும் இடைவெளியில உன் வாய் அப்பப்பத் தெரியுது. 'அப்பா, சென்னையில'ன்னு ஆரம்பிச்சே. அது கேட்டுது. அதுக்கு மேல காத்து விடல. என் பக்கம் இருந்து அடிக்கிற காத்து, உன் பேச்சை அப்படியே தெருவுக்குக் கொண்டு போயிருச்சு. நீ பேசிக்கிட்டே இருந்தே. நிறுத்தினே, முழுங்கினே, மறுபடி பேசுனே. கண்ணுல தண்ணி ஓடுச்சு, துடைக்கக் கை இல்ல. எனக்குப் பலகையை விட்டுட்டு உன் பக்கத்துல வர வழியில்ல. சத்தமாச் சொல்லுன்னு கத்தியிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தனையும் பாதி வாக்குமூலத்தோட விட்டவன் இல்ல நான். ஆனா சுத்தி இத்தனை பேரு நிக்க, நீ இவ்வளவு கஷ்டப்பட்டு வெளிய எடுத்ததை, இன்னொரு தடவை எடுன்னு எந்த வாயால சொல்லுவேன். நீ முடிச்சுட்டு என்னைப் பாத்தே. நான் தலையாட்டினேன். நல்லா, ரெண்டு தடவை ஆட்டினேன்.

அன்னைக்கு நீ கீழ வந்து எங்களோட உக்காந்து சாப்பிட்டே, மூணாவது தடவை சோறு கேட்டே. தார்சாவுல பாயை விரிச்சுப் படுத்துத் தூங்கினே. அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்மான்னு உங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கே. அவ அன்னைல இருந்து என்ன சொன்னான், என்ன சொன்னான்னு என்னைக் குடையுதா. அது எனக்கும் அவனுக்கும் உள்ளதுன்னு பெரிய மனுசன் மாதிரி சொல்லிட்டுத் திரியுதேன். அதுக்குப் பொறவுதான் கப்பல் படத்தைக் கொச்சியில இது மாதிரி கப்பல் செய்யுற பட்டறைக்கு நீ அனுப்புனே, வேலைக்குக் கூப்பிட்டாங்க, இந்தப் பெட்டி கட்டினோம். கப்பல் இங்கன இருக்கட்டும்ப்பான்னு விட்டுட்டுப் போறே. தினமும் தூசி துடைப்பேன், உள்ள கையை விட மாட்டேன். சத்தியம்.

ஆனா நீ எல்லாம் தெரிஞ்ச அப்பன் ஒருத்தன் வீட்டுல இருக்கான்னு நினைச்சுக்கிட்டுப் போறே. அப்படி ஒருத்தன் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ தப்புப் பண்ணினியா, உனக்கு யாரும் தப்புப் பண்ணினாங்களா, எதுவும் தெரியாது. காதுல விழாததை விழுந்ததுன்னு வச்சுக்கிட்டு உன் முன்னால நிமிந்து நிக்க எனக்குக் கூசுது. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். உனக்குத் தோணினா மறுபடி சொல்லு. தோணலைன்னா விட்டுரு, நான் கேக்க மாட்டேன். ஆனா நான் தலையாட்டினதை நீ பாத்தேல்லா? நீ என்ன சொல்லியிருந்தாலும் அதுதாம்லே என் பதில்.

அப்பா